இடப்பக்கத்துச் சக்கரம்



வளைகுடா நாடுகளுக்கு ஒருவரையேனும் அனுப்பி வைக்காத வீடு நம் கடலோர ஊர்களில் அரிது. அவ்வாறு சென்றவர்களுள் ஓட்டுநர்களே பலர். "என் மகன் அங்கே பிக்கப் ஓட்டுகிறான்", "எங்கள் வீட்டுக்காரர் பிக்கப்பில் இருக்கிறார்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாகனம் எத்தகையது, அதை மணலில் ஓட்டுவது எத்தகைய வேலை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருப்போம்? நானும் கேட்டதில்லை. பதினேழு ஆண்டுகள் என் மச்சான் அனுப்பிய பணத்தில் என் லாத்தாவின் குடும்பம் வாழ்ந்தது, என்னுடைய பி.ஏ. படிப்புக் கட்டணத்திலும் அவர் பங்கு உண்டு. ஆயினும் அவர் என்ன வேலை செய்தார் என்பதை 2014 டிசம்பரில் நேரில் சென்று பார்த்த பிறகே அறிந்தேன். அறிந்தபோது ஒரு பிழையும் செய்தேன். அந்தப் பிழையைப் பற்றியே இக்கட்டுரை. அதை விளக்குவதற்கு முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஒரு சிறு குமிழைப் பற்றி நான் கூறியாக வேண்டும். பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

மதரஸா விடுமுறையில் ஒரு மாத விசாவில் அபுதாபி சென்றிருந்தேன். மச்சான் இருந்த இடம் லிவா. அபுதாபி நகரிலிருந்து தென்மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். பிறை வடிவில் வளைந்து கிடக்கும் பேரீச்சைத் தோட்டங்களும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களும் சேர்ந்ததே லிவா. அதற்குத் தெற்கே தொடங்குவது ரூபுஉல் காலி என்னும் பெருமணல். ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு. அங்குள்ள மணல் மேடுகளை நம் கடற்கரைத் தேரி மேடுகளோடு ஒப்பிட இயலாது. லிவாவின் மரீப் மேடு முந்நூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

தார்ச்சாலையிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் உள்ளே மணலுக்குள் ஓர் ஒட்டகப் பட்டி. அரபியில் அதை 'இஸ்பா' என்பர். அறுபது ஒட்டகங்கள், இரண்டு கூடாரங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ள சூடானின் குர்துஃபான் பகுதியைச் சேர்ந்த இருவர் இருந்தனர். தண்ணீரும் தீவனமும் கொண்டு வருவது மச்சானின் பொறுப்பு. அதற்கென அவரிடம் ஒரு பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப் இருந்தது.

இரண்டு சக்கரமும் நான்கு சக்கரமும்

சாதாரணப் பிக்கப்பில் எஞ்சினின் வலிமை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்லும். முன்சக்கரங்கள் உருளும், ஆனால் இழுக்கா. தார்ச்சாலைக்கு அது போதும். மணலில் பின்சக்கரங்கள் மட்டும் சுழன்றால் அவை தமக்குத் தாமே குழி தோண்டிக்கொள்ளும். ஆகவே முன்சக்கரங்களும் இழுக்க வேண்டும். ஓட்டுநரின் பக்கத்தில் பெரிய கியருக்கு அருகே ஒரு சின்னக் கியர் இருக்கும். அதைத் தள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி எஞ்சினின் வலிமையைப் பிரித்து முன்பக்கத்துக்கும் ஒரு தண்டின் வழியே அனுப்பும். அங்கே ஓட்டுநர்கள் இதனை 'டபுள் போடுதல்' என்பர்.

எப்போதும் டபுளிலேயே ஓட்டினால் என்ன என்று நான் கேட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. ஈர மணலில் தம் விரலால் ஒரு வளைவு வரைந்து காட்டினார். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை ஈரத்தரையில் திருப்பிப் பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழா. முன்னே செல்பவை அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் டபுளில் முன்தண்டும் பின்தண்டும் ஒரே வேகத்தில் கட்டப்பட்டுவிடுகின்றன. மணலில் சக்கரம் சற்றே வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், கடைசியில் எங்கோ ஒரு பல் உடையும்.

சரி, தார்ச்சாலையில் சின்னக் கியரைப் பழையபடி இரண்டு சக்கர நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதுமன்றோ? பாதி போதும். எஞ்சின் முன்தண்டைச் சுழற்றுவது நின்றுவிடும். ஆயினும் உருளும் முன்சக்கரங்கள் தம் அச்சுகளைச் சுழற்றும்; அச்சுகள் நடுவேயுள்ள டிஃபரன்ஷியலைச் சுழற்றும்; அது முன்தண்டைச் சுழற்றும். யாருக்கும் பயனின்றி இத்தனை இரும்பும் சுழன்று தேயும். எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

இதற்காக வந்ததே பூட்டும் ஹப். முன்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'ஃப்ரீ', 'லாக்' என்று இரு சொற்கள் பொறித்திருக்கும். ஒரு சிறு குறி இரண்டில் ஒன்றைக் காட்டும். உள்ளே பல் வைத்த ஒரு வளையம். குமிழை 'லாக்'குக்குத் திருப்பினால் அவ்வளையம் நகர்ந்து அச்சையும் சக்கரத்தையும் கவ்வி ஒன்றாக்கும். 'ஃப்ரீ'க்குத் திருப்பினால் விலகிக்கொள்ளும். சக்கரம் தன்னந்தனியே உருளும், அச்சு அசையாமல் ஓய்ந்திருக்கும். கதவின் தாழ்ப்பாளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவும் நிலையும் தனித்தனி. தாழ் விழுந்தால் இரண்டும் ஒன்று.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அமெரிக்காவில் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் எஞ்சியவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. படைக்கெனச் செய்த அந்த வண்டிகளில் முன்சக்கரத்தை விடுவிக்க வழி இல்லை. சாலையில் நாள்தோறும் ஓட்டுவோருக்கு ஏற்றவாறு அவற்றை மாற்ற, சியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948 இல் பூட்டும் ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர்ப் பல நாடுகளின் பிக்கப்புகளிலும் அவை பரவின.

இறங்கிச் சென்று கையால் திருப்பும் வேலையை ஒழிக்கவும் பலர் முயன்றனர். பின்னோக்கிச் சில அடி நகர்த்தினால் தானே விடுபடும் தானியங்கி ஹப்புகள் வந்தன. அமெரிக்காவின் 1988 மாடல் செவர்லே பிக்கப்புகளில், மின்சாரத்தால் சூடேறி ஊசியைத் தள்ளும் கருவி ஒன்று அச்சை இணைத்தது. சின்னக் கியரைப் போட்ட பிறகு அது சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். 1994 முதல் வந்த டாட்ஜ் ராம் வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சுவிசை, அச்சின் நடுவிலுள்ள ஒரு வளையத்தை நகர்த்தியது. ஃபோர்டு எஃப்-150 வண்டிகளிலோ 2004 முதல் கணக்கு தலைகீழ்: அதே உறிஞ்சுவிசை ஹப்பை விடுவித்து வைத்திருக்கும், விசை அற்றுப்போனால் ஹப் பூட்டிக்கொள்ளும். டொயோட்டா போன்றோர் டிஃபரன்ஷியலிலேயே அச்சைப் பிரிக்கும் அமைப்பைப் பல பிக்கப்புகளில் வைத்தனர். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. ஆயினும் குழாய் வெடித்தால், கம்பி அறுந்தால் அவை ஏமாற்றிவிடும் என்று கருதி, கையால் திருப்பும் குமிழையே நம்புவோர் பாலைவனத்தில் இன்றும் உள்ளனர். மச்சான் அவர்களுள் ஒருவர். "கையால போட்டா கண்ணால பார்க்கலாம்" என்பார்.

என் வேலை

நான் சென்ற இரண்டாம் நாளே மச்சான் எனக்கு ஒரு பொறுப்பைத் தந்தார். தார்ச்சாலை ஏறும்போது நான் இறங்கி இரு குமிழ்களையும் 'ஃப்ரீ'க்குத் திருப்ப வேண்டும். மணலில் இறங்கும்போது 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். அவர் அதற்குள் டயர்களில் காற்றைக் குறைப்பார். சாலையில் 35 பவுண்டு இருக்கும் காற்றை 15, 18 என்று இறக்குவார். டயர் அகன்று மணலில் பரவி நிற்கும்.

முதல் நாள் அவர் என்னிடம் மூன்று செய்திகள் கூறினார். ஒன்று, இரு சக்கரமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று பூட்டி மற்றொன்று விட்டிருந்தால் டிஃபரன்ஷியல் தன் வலிமையைத் தடையில்லாத பக்கத்துக்கே விட்டுவிடும். பூட்டாத அச்சு வீணே சுழலும். பூட்டிய சக்கரமும் இழுக்காது. ஆக ஒன்று பூட்டியது, ஒன்றும் பூட்டாததற்குச் சமம். இரண்டு, குறி எழுத்தின்மேல் முழுதும் போய்ச் சேர வேண்டும். இடையில் நின்றால் பல் கவ்வியிருக்காது. வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்துத் திரும்பத் திருப்ப வேண்டும். மூன்று, சந்தேகம் இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாட்கள் ஒழுங்காகச் செய்தேன். பதினோராம் நாள் மாலை நகரிலிருந்து தீவனக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மஃரிப் கடந்து இருட்டிவிட்டது. டிசம்பர்க் காற்று எலும்பைத் துளைத்தது. வீட்டிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று மனைவி கூறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தொலைபேசியுடன் வலப்பக்கக் குமிழைத் திருப்பினேன். 'லாக்'கில் நின்றது. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனேன். அது இறுக்கமாக இருந்தது. திருப்பினேன்; பாதியில் நின்றது. மீண்டும் அழுத்தினேன், நகரவில்லை. குறி இரண்டு சொற்களுக்கும் நடுவே இருப்பதை நிலவொளியில் பார்த்தேன். 'இதுவே போதும்' என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் அப்படி எண்ணவும் இல்லை. எண்ணாமல் விட்டேன் என்பதே சரி. வண்டியில் ஏறினேன்.

"ரெண்டும் ஆச்சா மாப்பிள்ளை?"

"ரெண்டும் ஆச்சு மச்சான்."

அன்று ஒன்றும் நேரவில்லை. தீவனச் சுமை பின்சக்கரங்களை அழுத்திப் பிடித்தது; வழக்கமான தடம் கெட்டியாயிருந்தது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுத்தும் வண்டி பட்டி வந்து சேர்ந்துவிட்டது. இருவருக்கும் ஐயம் எழவில்லை. தீவனத்தை இறக்கினோம். இஷா தொழுதுவிட்டு உறங்கினோம்.

அந்த நாற்பது நிமிடங்கள்

நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் கூடாரத்தில் முனகல் கேட்டது. சூடானியர் இருவருள் மூத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். இரண்டு நாட்களாகவே வலி இருந்ததாம், சொல்லவில்லை. உடல் கொதித்தது. வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டாலே துடித்தார். மச்சான் தொலைபேசியில் அவசர உதவியை அழைத்தார். தார்ச்சாலை முனையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், அதுவரை நீங்கள் கொண்டு வாருங்கள் என்றனர்.

தார்ச்சாலைக்கு இரண்டு வழிகள். கெட்டித் தடம் பதினான்கு கிலோமீட்டர். இரு மணல் மேடுகளுக்கு இடையே ஏறி இறங்கினால் ஒன்பது. மச்சான் ஒரு நொடி யோசித்தார். "டபுள் இருக்கு. மேட்டு வழியே போயிடலாம்" என்றார். நோயாளியை இருக்கையில் சாய்த்து அமர்த்தினோம். நான் அவரைத் தாங்கிக்கொண்டு உடன் அமர்ந்தேன்.

மேட்டின் பாதியில் வண்டி திணறியது. மச்சான் சின்னக் கியரை 'லோ'வுக்குத் தள்ளினார். எஞ்சின் உறுமியது, பின்பக்கம் இறங்கியது. சுமையில்லாத வண்டி, பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. "இறங்கி முன்சக்கரத்தைப் பார்" என்றார். இறங்கி விளக்கை அடித்துப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் அசையாமல் நின்றன. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று சுழலும் ஓசை கேட்டது.

வாசகர்களே, அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடக்குமிழின் குறி என் கண்முன் நின்றது.

"முன்சக்கரம் சுத்தல மச்சான்" என்றேன்.

அவர் இறங்கி வந்தார். வலச்சக்கரத்தில் விளக்கை அடித்தார். 'லாக்'. இடச்சக்கரம் சரிவுப்பக்கம், குமிழ்வரை மணலில் புதைந்திருந்தது. என்னைப் பார்த்து, "ரெண்டும் பூட்டினேல்ல?" என்றார்.

"பூட்டினேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல ஆண்டுகள் என்னை நானே கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். பட்டம் பெற்றவன் நான். அவர் எனக்குத் தந்தது பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய ஒரு வேலை. அதில் தவறினேன் என்று, வலியில் துடிக்கும் ஒரு மனிதரின் முன்னிலையில் சொல்ல நா எழவில்லை. ஒரு நொடி கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த ஒரு நொடி கடந்த பின் சொல்வது முன்னதைவிடக் கடினமாயிற்று. அடுத்த நிமிடம் அதைவிடக் கடினமாயிற்று. மதரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைகள் பொய் சொல்லும்போது, முதல் பொய்யிலேயே பிடித்துவிட வேண்டும் என்று பெற்றோரிடம் கூறுபவன் நான்.

மச்சான் என் சொல்லை நம்பினார். நம்பியதால் முன் அச்சு முறிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். முறிந்த அச்சுக்கு நடுமணலில் வழியில்லை. பின்சக்கரங்களைக் கொண்டே வெளியேற வேண்டும். மண்வெட்டியால் பின்சக்கரங்களின் முன்னே மணலை வாரினார். பலகைகளைக் கொடுத்தார். வண்டி நான்கடி நகர்ந்து மீண்டும் புதைந்தது. மறுபடி வாரினார். நானும் வாரினேன். அந்தக் குளிரில் அவர் சட்டை நனைந்திருந்தது. உள்ளிருந்து நோயாளியின் முனகல் கேட்டது. பிறகு அதுவும் தணிந்தது. அது எங்களை மேலும் அச்சுறுத்தியது. மேட்டின் மறைவில் தொலைபேசியும் எட்டவில்லை.

இப்படி நாற்பது நிமிடங்கள். பிறகு முன்பக்கம் மணலைத் தள்ளும்போது இடச்சக்கரம் வெளிப்பட்டது. மச்சானின் விளக்கு குமிழின்மேல் விழுந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். துணியைச் சுற்றித் திருப்பினார், வரவில்லை. "உள்ளே ஏறி லேசா அசை" என்றார். நான் கியரில் வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்தேன். 'டக்' என்றோர் ஓசை. குறி 'லாக்'கில் போய் நின்றது.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏறி அமர்ந்தார். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தார். பிறகு மேட்டை நோக்கிச் செலுத்தினார். நான்கு சக்கரங்களும் இழுக்க, நாற்பது நிமிடங்கள் எங்களைச் சிறைப்பிடித்த மேட்டை வண்டி ஒரு நிமிடத்துக்குள் ஏறிக் கடந்தது.

அதன் பின்

நோயாளியின் குடல்வால் வெடித்திருந்தது. அதிகாலையில் அறுவை சிகிச்சை நடந்தது. வெடித்தது பட்டியிலா, மேட்டிலா, ஆம்புலன்ஸிலா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. வெடிக்காத நிலையில் வந்திருந்தால் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பியிருக்கலாம் என்று மட்டும் கூறினார். அவர் பதினேழு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முன்போல் வேலை செய்ய இயலாமல் சில மாதங்களில் நாடு திரும்பிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

காலையில் பட்டியின் உரிமையாளர் மருத்துவமனைக்கு வந்தார். தாமதம் ஏன் என்று கேட்டார். "வண்டி மணலில் இறங்கிவிட்டது. என் கவனக்குறைவு" என்றார் மச்சான். நல்ல தடம் இருக்க மேட்டு வழியே ஏன் சென்றாய், இத்தனை ஆண்டு ஓட்டியும் ஹப்பைச் சரிபார்க்கத் தெரியாதா என்று பலர் முன்னிலையில் அவர் கடிந்துகொண்டார். அனைத்தும் அரபியில். மச்சானுக்கு அதில் பாதி புரிந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மறுமொழி கூறும் அரபியும் என்னிடம் இருந்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

விசா முடிந்து ஊர் திரும்பினேன். மச்சான் 2019 இல் ஒரேயடியாக ஊர் வந்து, கடைத்தெருவில் சிறிய மளிகைக் கடை வைத்தார். வாரம் இருமுறையேனும் சந்திப்போம். அந்த இரவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், விருந்துக்குப் பின் திண்ணையில் இருவரும் தனித்திருந்தபோது சொல்லிவிட்டேன். குறி பாதியில் நின்றதைப் பார்த்தேன் என்பதையும், மேட்டில் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூறியதை ஏறக்குறைய அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"அந்த இடக்குமிழ் இறுகித்தான் கிடந்துச்சு. உள்ளே கிரீஸ் காஞ்சு போயிருந்தது. நான் அதைக் கழட்டித் துடைச்சிருக்கணும். ரோட்டுலேயே ஓடினாலும் மாசம் ஒரு தடவையாவது பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டணும். அப்பதான் முன்பக்கத்துல எண்ணெய் ஏறும். அந்த வருஷம் கோடையில பட்டியை ரோட்டோரம் மாத்தினப்ப ரெண்டு மாசம் பூட்டாமலே ஓட்டிட்டேன். அது என் தப்பு. முதலாளிகிட்ட என் கவனக்குறைவுன்னு சொன்னது அதுக்காக, உனக்காக இல்ல."

சற்று நிறுத்தினார்.

"குமிழ் பாதியில நின்னது உன் தப்பில்ல மாப்பிள்ளை. மேட்டுல கேட்டப்ப பூட்டினேன்னு சொன்னியே, அது உன் தப்பு. ஆனா அதை நான் மன்னிக்க முடியாது. நான் மண்ணுதான் வாரினேன். வலிச்சது அவருக்கு."

நான் தலைகுனிந்தேன். அவர் எழுந்து உள்ளே சென்று ஒரு பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அதில் அந்தச் சூடானிய நண்பரின் ஊர்த் தொலைபேசி எண் இருந்தது.

அன்றிரவே அழைத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டதும், குர்துஃபான் பகுதியும் அதில் சிக்கியதும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மாதந்தோறும் அந்த எண்ணை அழைத்துப் பார்க்கிறேன். இதுவரை யாரும் எடுக்கவில்லை. அவர் இருக்கிறாரா, எங்கேனும் அகதியாய்ச் சென்றாரா, அறியேன். கேட்க வேண்டியவரிடம் கேட்காத மன்னிப்பு என்னிடமே தங்கியிருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் அந்த மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, அவருடைய மொழியிலேயே இரண்டு வாக்கியங்கள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம் அது.

நிற்க. இதை ஏன் உங்கள் முன் வைக்கிறேன்? உங்கள் வீட்டிலும் ஒருவர் அங்கே பிக்கப் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை அவர் தொலைபேசியில் பேசும்போது பணம் வந்ததா என்பதோடு நிறுத்திவிடாமல், அவருடைய வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேளுங்கள். முன்சக்கரத்தில் குமிழ் உண்டா? மணலில் இறங்குமுன் தாமே இறங்கி இரண்டையும் பார்க்கிறாரா? மாதம் ஒருமுறையேனும் பூட்டி, வழுக்கும் தரையில் சிறிது தூரம் ஓட்டுகிறாரா? உதவிக்கு இருப்பவர் "ஆச்சு" என்று சொன்னாலும், விளக்கை எடுத்துக்கொண்டு தம் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உதவிக்கு இருப்பவர் பட்டதாரியாக இருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

அவரோடு செல்லும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. குறி போய்ச் சேரவில்லை என்றால், "இடப்பக்கம் சரியாகப் பூட்டவில்லை" என்று சொல்லிவிடுங்கள். வண்டியைச் சற்று அசைத்தால் அது பூட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த மாதமும் முதல் வெள்ளியன்று அந்த எண்ணை அழைக்க இருக்கிறேன். உங்கள் துஆவில் அவரையும் நினைவு கூருங்கள்.

வஸ்ஸலாம்.